ஞாயிற்றுக்கிழமை பார்லருக்கு வருகிற டாக்டர்

கோலாலம்பூர் செந்தூலிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். வயது 48. மகளுக்கு ஆவணியில் கல்யாணம். புருவ நடுவில் விழுந்துவிட்ட கோடும் நெற்றி மடிப்பும் கல்யாணப் படங்களில் தெரியக்கூடாது என்று ஆசை. பிரிக்பீல்ட்ஸில் பல வருடமாகப் போய்வரும் பார்லரில், "மாசத்துல ரெண்டு ஞாயிறு டாக்டர் வர்றாரு அக்கா, போடாக்ஸ், ஃபில்லர் எல்லாம் போடுவாரு, ஆடி ஆஃபர் இருக்கு" என்று சொல்கிறார்களாம். (போடாக்ஸ் தசையை ஓயவைத்துக் கோட்டை மறைக்கும் ஊசி, ஃபில்லர் தோலுக்கடியில் ஏற்றிப் பள்ளத்தை நிரப்பும் ஊசி.) டாக்டர்தானே, போகலாமா? இல்லையென்றால் நல்ல ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது?

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் போகாதீர்கள் தங்கச்சி. வருகிறவர் உண்மையிலேயே டாக்டராக இருந்தாலும் போகாதீர்கள். ஏன் என்று விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் "டாக்டர்தானே" என்ற அந்த ஒரு சொல்லில்தான் நம்மவர்கள் பலர் ஏமாந்துபோகிறார்கள்.

நான் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். முதலில் அரசாங்க மருத்துவமனை அறுவைச் சிகிச்சை வார்டு, பிறகு கோலாலம்பூரில் ஒரு தோல் கிளினிக். போடாக்ஸ் குப்பியில் உப்புநீர் கலந்து சிரிஞ்சில் ஏற்றிக் கொடுத்தது எத்தனை தடவை என்று கணக்கே இல்லை. ஊசி போடுவது கடினமான வேலை அல்ல. கைப்பழக்கம் உள்ள யாரும் ஒரு மாதத்தில் கற்றுக்கொள்ளலாம். போட்ட பிறகு ஏதோ சரியில்லை என்று கண்டுபிடிப்பதும், அந்த நேரத்தில் கையில் வேண்டியதை வைத்திருப்பதும்தான் தகுதி. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் பாருங்கள்.

முதலில் இடம். மலேசியாவில் டாக்டரைப் பதிவு செய்தால் மட்டும் போதாது, அவர் வேலை செய்யும் இடத்தையும் பதிய வேண்டும். 1998ஆம் ஆண்டின் தனியார் சுகாதாரப் பராமரிப்பு வசதிகள், சேவைகள் சட்டம், சுருக்கமாகச் சட்டம் 586, இதைத்தான் சொல்கிறது. பதிவில்லாத இடத்தில் கிளினிக் நடத்தும் தனிநபருக்கு 300,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது ஆறு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். பார்லருக்கு ஊராட்சி மன்றம் கொடுக்கும் லைசென்ஸ் முடி வெட்டவும் ஃபேஷியல் செய்யவும்தான். அதே அறையில் ஒரு டாக்டர் வந்து உட்கார்ந்துவிட்டதால் அது கிளினிக் ஆகிவிடாது. ஹோட்டல் அறை, கொண்டோ, உங்கள் வீட்டுச் சோபா, எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

இது வெறும் காகிதச் சட்டம் என்று நினைக்காதீர்கள். ஒழுங்கான கிளினிக்கில் ஒவ்வாமை வந்தால் போட அட்ரினலின் இருக்கும், ஃபில்லரைக் கரைக்கும் ஹயலூரோனிடேஸ் இருக்கும், மருந்தை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கும் ஃபிரிட்ஜ் இருக்கும், உங்கள் பெயரில் ஒரு கார்டு இருக்கும். ஞாயிற்றுக்கிழமை டாக்டரிடம் இருப்பது ஒரு பை. மாலை ஆறு மணிக்கு அந்தப் பையோடு அவர் போய்விடுவார். இரவு பத்து மணிக்கு உங்கள் இமை இறங்கினால் நீங்கள் கூப்பிடப்போவது பார்லர் அக்காவைத்தான். அவரும் பாவம், "ஐஸ் வைங்க" என்பார். 2020 அக்டோபரில் கோலாலம்பூரில் ஓர் அழகு நிலையத்தில் கொழுப்பு நீக்கச் சிகிச்சைக்குப் போன இளம்பெண் இறந்துபோனது நினைவிருக்கும். அது ஊசியைவிடப் பெரிய சிகிச்சைதான், ஆனால் கூடாத இடத்தில் நடந்த மருத்துவ வேலை என்பதில் இரண்டும் ஒன்று.

எந்தக் கிளினிக்காக இருந்தாலும் பதிவுச் சான்றிதழ் வருகிறவர் கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும். பதிவுக் கவுண்டருக்குப் பக்கத்துச் சுவரில் பாருங்கள். அங்கே இல்லையென்றால் கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம். நாசி லெமாக் கடையிலேயே சுத்தத் தரம் ஏ-யா பி-யா என்று சுவரைப் பார்க்கிறோம்.

அடுத்தது ஆள். இங்கே மூன்று தனித்தனிக் காகிதங்கள் உண்டு, பலர் இவற்றைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று, மலேசிய மருத்துவ மன்றத்தில் பதிவு. இரண்டு, அந்த வருடத்துக்கான தொழில் சான்றிதழ், கிளினிக்குகளில் ஏ.பி.சி. என்பார்கள். பதிவு இருந்தும் இந்த வருட ஏ.பி.சி. எடுக்காதவர் இந்த வருடம் சிகிச்சை செய்யக்கூடாது. இரண்டையும் மன்றத்தின் மெரிட்ஸ் என்ற இணையப் பதிவேட்டில் நீங்களே தேடலாம், காசு கிடையாது.

தேடும்போது நம் பெயர்களால் ஒரு தொல்லை வரும். பெயர்ப்பலகையில் 'டாக்டர் ஷான்' என்றிருப்பவர் பதிவேட்டில் சண்முகசுந்தரம் ஏ/எல் இன்னார், அதாவது இன்னாரின் மகன், என்று முழு நீளத்தில் இருப்பார். அந்தச் சண்முகத்தையே ஆங்கில எழுத்தில் நான்கு விதமாக எழுதுவோம். அதனால் கிளினிக்கில் "டாக்டரோட முழுப் பேரு, மன்றப் பதிவு எண் என்ன?" என்று கேட்டு வாங்கிக்கொண்டு தேடுங்கள். ஃபோன் எடுக்கும் பெண் உடனே சொன்னால் நல்லது. "எதுக்குக் கேக்கிறீங்க?" என்று இழுத்தால் எனக்கு அங்கேயே பாதி பதில் கிடைத்துவிடும். பெயரை மட்டும் பார்த்துத் திருப்தியடையவும் வேண்டாம். வேறொரு டாக்டரின் பெயரையும் எண்ணையும் சொல்லிப் பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். பதிவேட்டில் காட்டும் தொழில் முகவரி நீங்கள் போகும் கிளினிக்கோடு ஒத்துப்போகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது காகிதம்தான் முக்கியம். காய்ச்சலுக்கும் மருத்துவ விடுப்புச் சீட்டுக்கும் பார்க்கிற பொது மருத்துவர், எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டார் என்பதற்காக அழகுச் சிகிச்சை செய்துவிட முடியாது. அதற்குச் சுகாதார அமைச்சு தனியாகத் தகுதி பார்த்து ஒரு கடிதம் கொடுக்கிறது. எல்.சி.பி. என்று கேட்டால் துறையில் எல்லோருக்கும் புரியும். அந்தக் கடிதத்தில் அவர் எந்தெந்தச் சிகிச்சை செய்யலாம் என்று இருக்கும், காலாவதித் தேதியும் இருக்கும். கடிதம் இருக்கிறது என்பதோடு நிறுத்தாமல், நீங்கள் கேட்கும் சிகிச்சை அதில் இருக்கிறதா என்று பாருங்கள். லேசருக்கு அனுமதி வாங்கியவர் ஃபில்லர் போடுவது கடிதத்துக்கு வெளியே. கடிதம் பெற்ற மருத்துவர்களின் பட்டியலை அமைச்சு தன் இணையத்தளத்தில் வெளியிட்டிருக்கிறது.

தோல் நிபுணரும் பிளாஸ்டிக் அறுவை நிபுணரும் வேறு வழியில் வந்தவர்கள். அவர்களைத் தேசிய நிபுணர் பதிவேட்டில் தேட வேண்டும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. 'அழகியல் நிபுணர்' என்ற பட்டத்தைப் பலகையில் பார்த்தால் மயங்கிவிடாதீர்கள். அந்தப் பதிவேட்டில் தோல் மருத்துவம் உண்டு, பிளாஸ்டிக் அறுவை உண்டு, அழகியல் என்று ஒரு தனி நிபுணத்துவம் கிடையாது. நல்ல பொது மருத்துவர்களே "நான் நிபுணர் இல்லம்மா, எல்.சி.பி. உள்ள ஜி.பி." என்று நேராகச் சொல்வார்கள். என் அனுபவத்தில் அப்படிச் சொல்கிறவரிடம் போவது, சுவர் முழுக்கத் தங்க ஃபிரேம் போட்ட சான்றிதழ் மாட்டியவரிடம் போவதைவிட நல்லது. அந்தச் சான்றிதழ்களில் பாதி சனி, ஞாயிறு இரண்டு நாள் வகுப்பில் கலந்துகொண்டதற்குக் கொடுத்தவை. பக்கத்தில் போய்ப் படித்துப் பாருங்கள், 'பங்கேற்றார்' என்றுதான் இருக்கும்.

இத்தனையும் பார்த்துவிட்டு உள்ளே போனால், டாக்டர் இரண்டு நிமிடம் பேசிவிட்டு எழுந்துபோக, வேறொருவர் கையுறை மாட்டிக்கொண்டு வருவதும் உண்டு. அந்த நிமிடமே எழுந்துவிடுங்கள். என் தொழிலை நானே குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் முகத்தில் போடாக்ஸும் ஃபில்லரும் போடுவது இந்த நாட்டில் பதிவுபெற்ற மருத்துவரின் வேலை. தாதியின் வேலையும் இல்லை, தெரப்பிஸ்டின் வேலையும் இல்லை. சிரிஞ்சு யார் கையில் என்று நேரம் பதியும்போதே கேட்டுவிடுங்கள்.

இனி ஊசிக்குள் இருப்பது. போடாக்ஸையும் ஃபில்லரையும் ஒரே மூச்சில் சொல்கிறார்கள், ஆனால் இரண்டும் அண்ணன் தம்பி கூட இல்லை.

போடாக்ஸ் என்பது தசையைத் தற்காலிகமாக ஓய்வெடுக்க வைக்கும் புரதம். கெட்டுப்போன டின் உணவில் விஷமாகும் அதே பாக்டீரியாவிலிருந்து எடுத்து, மிக மிகச் சிறிய அளவில் பயன்படுத்துவது. முதலில் மாறுகண்ணுக்கும் இமைத் துடிப்புக்கும்தான் வந்தது, அமெரிக்காவில் 1989இல் அனுமதி. கனடாவின் வான்கூவரில் ஜீன் கருத்தர்ஸ் என்ற கண் மருத்துவர் இமைத் துடிப்புக்கு இதைப் போட்டுக்கொண்டிருந்தார். புருவக் கோடு போய்விடுவதை அவருடைய நோயாளி ஒருவரே சுட்டிக்காட்ட, தோல் மருத்துவரான கணவர் அலஸ்டெயரோடு சேர்ந்து ஆராய்ந்தார். புருவக் கோட்டுக்கு அமெரிக்க அனுமதி 2002இல் கிடைத்தது. நீங்கள் கேட்பதும் அந்தக் கோட்டைத்தான், நாம் பொட்டு வைக்கும் இடத்துக்கு இரு பக்கமும் விழும் கோடு. அதற்குப் போடாக்ஸ் என்ற பிராண்டில் லேபிள் சொல்லும் அளவு 20 யூனிட், ஐந்து இடங்களில். அதே வேலைக்கு டிஸ்போர்ட் 50 யூனிட். ஆகவே "அங்க 20, இங்க 50, இங்கதான் மலிவு" என்று கணக்குப் போடாதீர்கள். ஒரு பிராண்டின் யூனிட்டும் இன்னொன்றின் யூனிட்டும் ரிங்கிட்டும் ரூபாயும் மாதிரி.

குப்பியில் வருவது உலர்ந்த பொடி. உங்கள் கண் முன்னால் திறந்து, உப்புநீர் சேர்த்து, எத்தனை மில்லி என்று சொல்லிவிட்டுச் செய்யும் இடம் நல்ல இடம். ஏற்கெனவே நிரப்பிய சிரிஞ்சைத் தட்டில் கொண்டுவந்தால் உள்ளே என்ன, எவ்வளவு நீர்த்தது, எப்போது கலந்தது என்று கடவுளுக்குத்தான் தெரியும். பெட்டியில் 'மாள்' (MAL) என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இருக்க வேண்டும். எண்ணைத் தேசிய மருந்தியல் ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையத் தேடலில் போட்டால் மருந்தின் பெயர் வரும். ஃபில்லர் மருந்தாகப் பதிவதில்லை, மருத்துவச் சாதனமாகப் பதிவாகிறது, அதற்கு மருத்துவச் சாதன ஆணையம் தனி. ஃபில்லர் பெட்டிக்குள் தொகுதி எண் அச்சிட்ட ஒட்டுத்தாள்கள் இருக்கும். ஒன்று உங்கள் கார்டில் ஒட்டப்படும், இன்னொன்றை நீங்கள் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். வாங்கி வையுங்கள், அல்லது ஃபோனில் படம் பிடியுங்கள். அந்தச் சின்னத் தாள் எவ்வளவு பெறும் என்பதை என் வீட்டிலேயே பார்த்தேன்.

என் சின்னம்மா மகள் ஒருத்தி, முப்பது வயது, மூக்கு எடுப்பாக வேண்டும் என்று ஒரு கொண்டோவில் போய் ஃபில்லர் போட்டுக்கொண்டாள். போட்டவர் யார் என்று கேட்டால் "எல்லாரும் அவங்ககிட்டதான் போறாங்க" என்பதுதான் பதில். எனக்குச் சொல்லாமல் போனாள், சொன்னால் விடமாட்டேன் என்று தெரியும். அன்று மாலை மூக்கு நுனி வலித்திருக்கிறது. ஊசி போட்ட அந்த அம்மாவுக்குப் படம் அனுப்பியிருக்கிறாள். "கன்னிப்போயிருக்கு, ரெண்டு நாள்ல சரியாயிரும், சூடு ஒத்தடம் கொடு" என்று வாட்ஸ்அப்பில் பதில். எனக்குத் தெரிய வந்தபோது மூன்றாவது நாள். மூக்கின் ஒரு பக்கம் சாம்பல் பூத்த மாதிரி, நடுவில் சின்னச் சின்னக் கொப்புளம். அது கன்னிப்போனதல்ல. ஃபில்லர் இரத்தக் குழாயை அடைத்து, தோல் இரத்தம் இல்லாமல் செத்துக்கொண்டிருந்தது. அவசரப் பிரிவுக்கு இழுத்துக்கொண்டு போனேன். அங்கே டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "என்ன ஃபில்லர்?" அவளுக்குத் தெரியாது. ஹயலூரோனிக் அமிலம் என்ற வகை ஃபில்லராக இருந்தால் ஹயலூரோனிடேஸ் போட்டுக் கரைக்கலாம். கால்சியம் வகையோ சிலிக்கோனோ என்றால் அந்த மருந்து ஒன்றும் செய்யாது. தெரியாமலேயே போட்டுப் பார்த்தார்கள். பாதி காப்பாற்றினார்கள். மூக்கின் ஓரத்தில் ஒரு குழியும் கரும் தழும்பும் இன்றைக்கும் இருக்கிறது. படம் எடுத்தால் அந்தப் பக்கத்தைத் திருப்பிக்கொள்வாள்.

இதில் நம் நிறம் சம்பந்தப்பட்ட விஷயம் ஒன்று இருக்கிறது. இதைப் பற்றி நம்மிடம் யாரும் பேசுவதில்லை. குழாய் அடைபட்டால் முதல் அடையாளம் தோல் வெளுப்பது, பிறகு வலை பின்னியது போல ஊதா நிறம். பாடப் படங்களில் அதைப் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் காட்டியிருப்பார்கள். மாநிறத்திலும் கறுப்பிலும் அந்த வெளுப்பு அப்படித் தெரியாது. கொஞ்சம் சாம்பல், கொஞ்சம் மங்கல், அல்லது சும்மா கூடுதல் கறுப்பு. கன்னிப்போனது என்று சொல்லிவிடுவது சுலபம். தெரிந்த டாக்டர் நிறத்தை மட்டும் நம்பமாட்டார். விரலால் அழுத்திவிட்டு எடுத்து, இரத்தம் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று மறு பக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். உதட்டின் உட்பக்கத்தையும் ஈறையும் பார்ப்பார், அங்கே நிறம் தெளிவாகத் தெரியும். தொட்டால் குளிர்ச்சியா என்று பார்ப்பார். வலியையும் முழுக்க நம்ப முடியாது, பல ஃபில்லர்களில் மரத்துப்போகச் செய்யும் லிடோகெய்ன் கலந்தே வருகிறது.

ஆகவே நீங்கள் டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி, "எத்தனை பேருக்குப் போட்டிருக்கீங்க?" என்பது இல்லை. அதற்கு எல்லோரும் ஆயிரம் என்பார்கள். "நம்ம கலர்ல குழாய் அடைச்சா எப்படிக் கண்டுபிடிப்பீங்க, ஹயலூரோனிடேஸ் இப்ப இங்க ஸ்டாக் இருக்கா?" என்று கேளுங்கள். நல்லவர் கோபப்படமாட்டார். நான் வேலை செய்த இடத்தில் ஒருவர் இப்படிக் கேட்டபோது டாக்டர் எழுந்துபோய் ஃபிரிட்ஜைத் திறந்தே காட்டினார்.

ஃபில்லரின் இன்னொரு பயம் கண். மூக்கு, புருவ நடு, நெற்றி இங்கெல்லாம் ஓடும் குழாய்கள் கண்ணுக்குப் போகும் குழாயோடு தொடர்புள்ளவை. அழுத்திப் போட்ட ஃபில்லர் பின்னோக்கி ஓடிக் கண்ணின் குழாயை அடைத்தால் பார்வை போகும். விழித்திரை இரத்தமில்லாமல் அதிக நேரம் தாங்காது, போன பார்வை பெரும்பாலும் திரும்பாது. அரிதுதான். ஆனால் உங்கள் புருவக் கோட்டுக்கு யாராவது "போடாக்ஸ் வேணாம், ஃபில்லர் வெச்சு நிரப்பிடலாம், ரொம்ப நாள் நிக்கும்" என்றால், முகத்திலேயே மிக ஆபத்தான இடங்களில் ஒன்றைப் பற்றி அவர் அவ்வளவு இலேசாகப் பேசுகிறார் என்று அர்த்தம்.

போடாக்ஸில் அந்தப் பயம் இல்லை. அதில் சிலருக்கு வருவது இமை இறங்குவது, சில வாரத்தில் தானாக ஏறிவிடும். ஆனால் ஃபில்லரைப் போல் கரைக்க மாற்று மருந்து கிடையாது, காத்திருக்கத்தான் வேண்டும். உங்கள் வயதில் நான் கவனிக்கச் சொல்வது வேறு. 48இல் சிலருக்கு இமை கொஞ்சம் தளர்ந்திருக்கும், தெரியாமலே நெற்றித் தசையால் புருவத்தைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நெற்றி மடிப்பு அதனால் வந்தது. அந்தத் தசையை முழுக்க ஓயவைத்தால் புருவம் கீழே உட்கார்ந்து, கல்யாணப் படத்தில் தூக்கக் கலக்கமாகத் தெரிவீர்கள். தெரிந்த டாக்டர் உங்களைக் கண்ணை மூடச் சொல்லி, நெற்றியைத் தளர்த்தி, மெல்லத் திறக்கச் சொல்லிப் பார்ப்பார். அப்படிப் பார்க்காமல் பேனாவை எடுத்து நெற்றியில் புள்ளி வைக்க ஆரம்பித்தால் அவசரக்காரர்.

வேறு என்ன கேட்பார் என்றால், இரத்தம் இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறீர்களா, மீன் எண்ணெய் மாத்திரை உண்டா, தசை பலவீன நோய் இருக்கிறதா, கர்ப்பமா, இனிப்பு நீர் (நீரிழிவு) கட்டுப்பாட்டில் இருக்கிறதா. நம்மவர்களிடையே இனிப்பு நீர் அதிகம், புண் ஆறுவது தாமதம், அதை மறைக்காதீர்கள். இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் கன்னிப்போகும் என்று பயந்து தாங்களாக நிறுத்திவிடக்கூடாது. காது குத்திய இடமோ சின்ன வயதில் பி.சி.ஜி. தடுப்பூசி போட்ட தோளோ தடித்துத் தழும்பாகி இருக்கிறதா என்று கேட்கிற டாக்டர் கிடைத்தால் விடாதீர்கள், நம் தோலைப் பற்றித் தெரிந்தவர்.

விளம்பரத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. மலேசியாவில் மருத்துவச் சேவை விளம்பரத்துக்கு மருந்து விளம்பர வாரியத்தின் அனுமதி வேண்டும். அனுமதி பெற்ற விளம்பரத்தில் 'கேகேஎல்ஐயூ' என்று தொடங்கும் எண் இருக்கும். 'முன்னால், பின்னால்' படங்கள் போட்டு விளம்பரம் செய்யக்கூடாது, "எனக்கு நல்லா வந்துச்சு" என்ற சாட்சிகளும் கூடாது. இதை வைத்துப் பார்த்தால் இன்ஸ்டகிராமில் நம்மை இழுக்கிறதே, அதில் பெரும்பகுதி விதியை மீறியது. "இன்னைக்கே கட்டினா மூணு ஏரியா, கூட ஒரு சிரிஞ்சு இலவசம்" என்பதும் இந்தக் கூட்டம்தான். மருந்துக்கு ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் வருகிறது என்றால் அது எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். பினாங்கு லிட்டில் இந்தியாவில் இருக்கும் என் தோழியும் இதையேதான் சொல்கிறாள், அங்கேயும் கல்யாண சீசனில் பார்லருக்குப் பார்லர் இதே கூத்து.

நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் கல்யாண வீடு என்பதால் சொல்லிவைக்கிறேன். மணப்பெண்ணுக்கு 'வெள்ளை ஊசி' என்று குளூட்டாதியோனும் வைட்டமின் சி-யும் சேர்த்து நரம்பில் ஏற்றுகிறார்கள். தோலை வெளுக்கச் செய்ய என்று மலேசியாவில் எந்த ஊசிக்கும் அனுமதி கொடுக்கப்படவில்லை. யாராவது உங்கள் மகளுக்கு பேக்கேஜில் சேர்த்துக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பிள்ளை மாநிறமாகவே மணவறையில் உட்காரட்டும், அந்த நிறத்துக்குத்தான் பட்டும் தங்கமும் எடுபடும். (இது தாதியாகச் சொல்வது இல்லை, அக்காவாகச் சொல்வது.)

நாள் கணக்கு. போடாக்ஸ் மூன்று நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் தெரிய ஆரம்பித்து, இரண்டு வாரத்தில் முழுதாக வரும், மூன்று நான்கு மாதம் நிற்கும். இரண்டு வாரம் கழித்து ஒரு தடவை வந்து காட்டச் சொல்ல வேண்டும், ஒரு பக்கம் ஏற்றத்தாழ்வாக இருந்தால் அப்போது சரிசெய்வார்கள். இமை இறங்கினால் ஏறுவதற்கும் சில வாரம் விட வேண்டும். ஆகவே கல்யாணத்துக்குக் குறைந்தது ஆறு வாரம் முன்னால் போட்டுவிடுங்கள். பந்தக்கால் நட்ட பிறகு ஓடாதீர்கள். போட்ட அன்று முகத்தை அழுத்தித் தேய்க்க வேண்டாம், எண்ணெய்த் தலைக்குளியலை அடுத்த நாளைக்குத் தள்ளுங்கள், புருவ நடுவில் ஒட்டுப் பொட்டை அழுத்தி ஒட்டவும் வேண்டாம். ஒரு நாள் வெறும் நெற்றியோடு இருந்தால் மாமியார் ஏதாவது சொல்வார், டாக்டர் சொன்னார் என்று சொல்லிவிடுங்கள்.

ஏற்கெனவே எங்கோ போட்டுக்கொண்டு, நிறம் மாறுகிறது, வலி கூடுகிறது, பார்வை மங்குகிறது என்றால் போட்டவரின் வாட்ஸ்அப் பதிலுக்குக் காத்திருக்காமல் பக்கத்துப் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். என்ன போட்டது, எப்போது போட்டது, எங்கே போட்டது என்று மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவார்கள் என்று பயந்து ஒரு நாள் வீட்டில் இருந்துவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். புகாரைப் பிறகு கொடுக்கலாம். பதிவில்லாத இடம் என்றால் சுகாதார அமைச்சின் தனியார் மருத்துவக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு, அதை சிகாப்ஸ் என்பார்கள். பதிவுபெற்ற டாக்டரின் நடத்தை என்றால் மருத்துவ மன்றத்துக்கு. ரசீது, உரையாடல், படங்கள் எதையும் அழித்துவிடாதீர்கள்.

கோலாலம்பூரில் எங்கே போகலாம் என்று கடைப்பெயர் சொல்லச் சொன்னால் சொல்லமாட்டேன், நான் வேலை செய்த இடத்துக்கு ஆள் பிடிப்பதாக நினைப்பார்கள். இரண்டு மூன்று பெயரை நீங்களே பதிவேட்டில் சரிபார்த்துக்கொண்டு, முதலில் ஆலோசனைக்கு மட்டும் போங்கள். அன்றைக்கே ஊசி வேண்டாம், கட்டணம் கொடுத்துவிட்டு வெறும் நெற்றியோடு வந்துவிடுங்கள். கிளம்பும் முன் ஒன்று கேளுங்கள்: "ராத்திரி ஏதாவது ஆச்சுன்னா யாருக்கு அடிக்கணும்?" ஒரு நம்பர் கொடுப்பார்கள். அன்றிரவு ஒன்பது மணிக்கு அந்த நம்பருக்கு அடித்துப் பாருங்கள். பேசத் தெரிந்த ஒருவர் எடுத்தால், மறுநாள் காலையில் நேரம் பதியலாம்.